ராமநாதபுரம் கடற்கரையில் மாடிக் கட்டடமும் மின்சிக்கனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் கடற்கரையில் வானளாவிய கட்டடம் ஒன்றுகூட இல்லையே, அந்தத் தொழில்நுட்பங்களைப் பற்றி நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்?

உண்மைதான். இந்தக் கரையில் மிக உயரமாக நிற்பது, 300 மீட்டரையும் தாண்டிய ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரம்; அதில் யாரும் குடியிருப்பதில்லை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, 18.30 மீட்டருக்கு மேற்பட்டதையே உயர்மாடிக் கட்டடமாகக் கொள்கின்றன. ராமேஸ்வரத்திலும் கீழக்கரையிலும் இன்று எழும்பும் லாட்ஜுகளும் அடுக்குமாடி வீடுகளும் பெரும்பாலும் அந்த வரம்புக்குள் அடங்கியவை. ஆனால் நான்கு மாடியோ நாற்பது மாடியோ, வெயில் உள்ளே புகும் சுவர், குளிரூட்டும் இயந்திரம், தண்ணீர் ஏற்றும் மோட்டார், லிஃப்ட், வெந்நீர் ஆகியவையே மின்கட்டணத்தை முடிவு செய்கின்றன. பெருநகரக் கோபுரங்களில் கோடிக்கணக்கில் செலவழித்துச் சோதித்தவற்றுள் எதை எடுத்துக்கொள்ளலாம், எதை விட்டுவிடலாம் என்று பார்ப்பதே இந்தப் பக்கத்தின் நோக்கம். எடுப்பதைவிட விடுவதே அதிகம் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன்; அதற்குக் காரணம் பெரும்பாலும் உப்புக்காற்று.

கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி வைக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதிலும் ஊருக்கு ஊர் மாறும். கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் கடல் தெற்கே இருக்கிறது. தேவிபட்டினத்திலும் தொண்டியிலும், ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தக் கரையிலும் கிழக்கே இருக்கிறது. இந்த ஒரு வேறுபாடு குளிரூட்டும் செலவையே புரட்டிப் போடும்.

ராமேஸ்வரம் ஏறத்தாழ 9.3 பாகை வட அட்சரேகையில் உள்ளது. சித்திரை முதல் நாளையொட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, பிறகு ஆகஸ்ட் இறுதி வரை சற்று வடக்கே சாய்ந்து நிற்கிறது. மார்கழியில் தெற்கே சரிந்தாலும் நண்பகலில் 57 பாகை உயரத்துக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே தெற்குப் பார்த்த நான்கடி உயர ஜன்னலுக்கு இரண்டரை அடி அகல சன்ஷேட் இருந்தால், ஆண்டு முழுவதும் நண்பகல் வெயிலை ஏறக்குறைய முழுதாகத் தடுத்துவிடலாம். வடக்கு ஜன்னலுக்கு ஓர் அடி போதும். வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்று வட இந்தியாவை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கையேடுகள் சொல்வது இங்கே பொருந்தாது என்பதையும் கவனிக்க வேண்டும். மே முதல் ஜூலை வரை நம் ஊரில் வடக்குச் சுவருக்கும் வெயில் உண்டு.

கிழக்கும் மேற்கும் வேறு கதை. காலை எட்டரை மணி வெயில் தாழ்ந்து வருவதால், அதே நான்கடி ஜன்னலை மறைக்க ஏழடிக்கு சன்ஷேட் நீட்ட வேண்டியிருக்கும். அதை யாரும் கட்ட மாட்டார்கள். தெளிவான காலையில் கிழக்குச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 600 வாட் அளவுக்கு வெப்பம் விழும். பத்தடிக்கு எட்டடி சாதாரணக் கண்ணாடி வைத்தால் அதில் ஐந்தில் நான்கு பங்கு அறைக்குள் வந்துவிடும். அந்த ஒரு கண்ணாடிச் சுவரின் வெப்பத்தை வெளியேற்றவே ஒரு டன் ஏசியின் முழுத் திறனும் தேவைப்படும். அறையில் இருப்பவர்களின் உடல் சூடு, கூரைச் சூடு, வெளிக்காற்றின் ஈரம் எல்லாம் இதற்கு மேல்தான்.

எனவே தெற்குக் கடல் உள்ளவர்கள் சன்ஷேட்டுடன் தாராளமாகக் கண்ணாடி வைக்கலாம். கிழக்குக் கடல் உள்ளவர்கள் கண்ணாடியை அறையின் விளிம்பில் வைக்காமல், ஆறு ஏழு அடி ஆழத் தாழ்வாரத்துக்குப் பின்னால் தள்ளி வைப்பதே நல்லது. மும்பையில் 1983-இல் சார்லஸ் கொரியா வடிவமைத்து முடித்த காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியில் செய்யப்பட்டது இதுவே: கடற்காற்றும் காட்சியும் கிழக்கிலும் மேற்கிலும் இருந்தன, வெயிலும் பருவமழையும் அதே திசைகளிலிருந்துதான் வந்தன, அதனால் மூலைகளில் இரண்டு மாடி உயரத் தோட்டத் தாழ்வாரங்களை வைத்து வீட்டை உள்ளே ஒதுக்கினார். குளிரூட்டியை நம்பாமல் ஏறத்தாழ 84 மீட்டர் உயரத்துக்கு வீடு கட்ட முடியும் என்பதற்கு அது சான்று.

வெயிலுக்கேற்பத் தானே திறந்து மூடும் மறைப்புகள் இருக்கின்றனவாமே?

அபுதாபியில் 2012-இல் முடிந்த அல் பஹர் கோபுரங்களில், குடைபோல் விரிந்து சுருங்கும் மறைப்புகள் சூரியனைத் தொடர்ந்து இயங்குகின்றன. நேர்த்தியான வேலைதான், ஆயினும் ஒவ்வொரு மறைப்புக்கும் மோட்டார், கீல், உணர்கருவி எல்லாம் வெளிப்புறத்தில் வேண்டும். பாம்பன் பக்கத்தில் ஜன்னல் கொக்கியே ஓரிரு ஆண்டுகளில் துருவேறி இறுகிப்போவதைப் பார்க்கிறோம். இங்கே அசையாத மறைப்பே சரி: சிமென்ட் ஜாலி, செங்குத்துப் பலகைத் தடுப்பு, அல்லது இந்த மாவட்டத்தில் குறைவில்லாமல் கிடைக்கும் பனையோலைத் தட்டி. தட்டியை உள்ளே தொங்கவிடாமல் வெளியே கட்ட வேண்டும். கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பத்தைத் திரைச்சீலையால் திருப்பி அனுப்ப முடியாது. தட்டியை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற நேரிடும். அந்தச் செலவு ஒரு மோட்டாரைப் பழுது பார்க்கும் செலவுக்குக்கூட வராது.

இரட்டைத் தோல் முகப்பு?

632 மீட்டர் உயர ஷாங்காய் கோபுரத்தில் இரண்டு கண்ணாடி அடுக்குகளுக்கு இடையில் காற்றுவெளி விட்டு, அதை வெப்பத் தடுப்பாகப் பயன்படுத்துகிறார்கள். குளிர்காலம் உள்ள ஊருக்கு அதனால் முழுப் பயன் உண்டு. நமக்குக் குளிர்காலமே கிடையாது. இரண்டாவது கண்ணாடிக்குக் கொடுக்கும் பணத்தைத் தாழ்வாரத்துக்குக் கொடுக்கலாம்.

காற்று இவ்வளவு அடிக்கும் ஊரில் ஏசி இல்லாமலே சமாளிக்க முடியாதா?

பெருமளவு முடியும், ஆனால் வரைபடம் போடும்போதே அதை முடிவு செய்ய வேண்டும். ஆனி, ஆடியில் சோழகமும் (தெற்குக் காற்று) கச்சானும் (மேற்குக் காற்று), ஐப்பசிக்குப் பிறகு வாடையும் (வடக்குக் காற்று) என நம் கரையில் காற்றின் திசைகள் ஏறக்குறைய உறுதியானவை. எந்த மீனவரைக் கேட்டாலும் மாத வாரியாகச் சொல்லிவிடுவார். தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ நுழைந்து வடகிழக்கில் வெளியேற வழியிருந்தால், ஆண்டின் பெரும்பகுதியில் மின்விசிறியே போதும். லாட்ஜ்களில் நடக்கும் தவறு, நடுவில் நீண்ட நடைவழி விட்டு இருபுறமும் அறைகளை அடுக்குவது. அப்படிச் செய்தால் ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஒரு வெளிச்சுவர்தான் இருக்கும். காற்று நுழைந்தாலும் வெளியேற இடமில்லை. நடைவழியை ஓரத்துக்குத் தள்ளித் திறந்த தாழ்வாரமாக்கினால் ஒரு மாடிக்கு ஓரிரு அறைகள் குறையலாம். மற்ற எல்லா அறைகளுக்கும் எதிரெதிர் திறப்பு கிடைக்கும்.

மலேசியாவில் கென் யாங் வடிவமைத்த 15 மாடி மெனாரா மெசினியாகா 1992-இல் முடிந்தது. அதில் லிஃப்ட், மாடிப்படி, கழிப்பறை ஆகியவற்றைக் கட்டடத்தின் நடுவில் புதைக்காமல் வெயில் தாக்கும் ஓரத்தில் வைத்தார்கள். அவை வெப்பத்தைத் தாங்கிக்கொண்டதுடன், அவற்றுக்குப் பகல் வெளிச்சமும் இயற்கைக் காற்றும் கிடைத்தன. நான்கு மாடி லாட்ஜிலும் மேற்குச் சுவரோரம் மாடிப்படியையும் குளியலறைகளையும் வைப்பதில் கூடுதல் செலவு ஒன்றும் இல்லை. மாடிப்படிக் கூண்டின் உச்சியில் மழை புகாத திறப்பு வைத்தால், சூடான காற்று அதன் வழியே மேலெழுந்து வெளியேறும்.

கீழக்கரையின் பழைய வீடுகளில் உயர்ந்த கூரையும் முற்றமும் சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து இதைத்தான் செய்தன. அந்தக் காலத்து முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, தேடுபவர்கள் இன்னும் உண்டு. 2001 முதல் பவளப்பாறைகள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, எடுப்பது குற்றம்.

ஏசி வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும்? குளிர்நீர்க் குழாய்க் கூரை நல்லது என்கிறார்களே?

நம் கரையின் தொல்லை சூடு மட்டுமல்ல, காற்றில் உள்ள ஈரமும்தான். உள்நாட்டு வறண்ட ஊர்களில் உதவும் ஏர்கூலர் இங்கே புழுக்கத்தைக் கூட்டவே செய்யும். இன்வெர்ட்டர் வகை ஏசி அரைச் சுமையில் குறைவாக மின்சாரம் இழுக்கும். ஆனால் தேவைக்கு மேல் பெரிய ஏசியை வாங்கினால் அது அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு ஓய்ந்துவிடும், ஈரத்தை எடுக்காது. அறை குளிர்ந்தும் படுக்கை பிசுபிசுப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நட்சத்திரக் குறியீடுள்ள அறை ஏசிகள் எல்லாம் 2020 ஜனவரியிலிருந்து 24 பாகையை இயல்பு அளவாகக் கொண்டே வருகின்றன. அதை 26-இல் வைத்து, 30 வாட் அளவே எடுக்கும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார்) மின்விசிறியையும் சுழலவிடுவது இந்த ஊருக்குச் சரியான சேர்க்கை. பழைய மின்விசிறிகள் 75 வாட் வரை எடுத்தன.

கூரைக்குள் ஓடும் குளிர்நீர்க் குழாய்கள் மூலம் அறையைக் குளிர்விக்கும் முறையை ஹைதராபாத்தில் இன்ஃபோசிஸ் நிறுவனம் ஒரே கட்டடத்தின் ஒரு பாதியில் நிறுவி, மறு பாதியில் வழக்கமான ஏசியை வைத்து ஒப்பிட்டது. குளிர்நீர்ப் பாதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சமானது. குவாங்சோவின் முத்து நதிக் கோபுரத்திலும் இம்முறை உண்டு. ஆனால் நம் கரையின் காற்றில் 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் முத்து முத்தாகக் கோக்கும். 17 பாகைத் தண்ணீர் ஓடும் கூரையின் கீழ் விருந்தினர் ஒருவர் கடற்காற்றுக்காக ஜன்னலைத் திறந்துவிட்டால், சற்று நேரத்தில் கூரை வியர்த்துச் சொட்டும். ஜன்னல் திறக்காத அலுவலகத்துக்கு அது ஏற்றது. யாத்திரிகர் தங்கும் விடுதிக்கு வேண்டாம்.

அவுட்டோர் யூனிட்டைக் கடலைப் பார்த்து மாட்டாதீர்கள். கட்டடத்தின் மறுபக்கம் வைத்து, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் அதன் தகடுகளைக் கழுவினாலே ஆயுள் கூடும். உப்பு படிந்து தகடு உதிர்ந்த ஏசி ஐந்து நட்சத்திரக் குறியீட்டுடன் வந்திருந்தாலும், அந்த அளவு மின்சாரத்துக்கு அந்த அளவு குளிர்ச்சியைத் தராது.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே, கடல்நீரால் குளிரூட்ட முடியாதா?

ஹாங்காங்கில் 1985-இல் கட்டி முடிக்கப்பட்ட எச்எஸ்பிசி வங்கித் தலைமையகம் கடல்நீரைக் கொண்டே தன் குளிரூட்டும் இயந்திரங்களின் வெப்பத்தை வெளியேற்றுகிறது. டொரண்டோ நகரம் 83 மீட்டர் ஆழத்து ஏரிநீரை எடுக்கிறது. அது 4 பாகையில் இருப்பதால் நேரடியாகவே கட்டடங்களைக் குளிர்விக்கிறது. பாக் நீரிணைப் பக்கம் பல இடங்களில் கடல் சில மீட்டர் ஆழமே உள்ளது. அதன் நீர் காற்றின் அளவுக்கே வெதுவெதுப்பானது. மறுபக்கம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே சூடான நீரைத் திருப்பிவிடும் குழாய்க்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

கட்டட உச்சியில் காற்றாலை வைத்தால்?

பஹ்ரைன் உலக வர்த்தக மையத்தில் 2008-இல் இரு கோபுரங்களுக்கு இடையே 29 மீட்டர் விட்டமுள்ள மூன்று காற்றாலைகளை மாட்டினார்கள். கோபுரங்களே பாய்மரம்போல் வளைந்து நின்று காற்றை நடுவே திருப்புகின்றன. 2010-இல் முடிந்த லண்டன் ஸ்ட்ராட்டா கோபுரத்தின் உச்சியிலும் மூன்று உண்டு. அவை சுழல்வதைப் பார்ப்பதே அரிது. காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். கட்டட விளிம்பில் காற்று சுழித்து உடைவதால் சிறு காற்றாலைகள் விளம்பரத்தில் சொன்னதைத் தருவதில்லை. உப்பில் ஊறும் பேரிங், இரவெல்லாம் இரைச்சல், அதிர்வு என்று வரிசையாகத் தொல்லை வரும். வேண்டாம் என்பதே என் பதில்.

சூரியத் தகடு எவ்வளவு உதவும்?

குள்ளமான கட்டடம் வானளாவிய கட்டடத்தை வெல்லும் இடம் இதுதான். நாற்பது மாடிக்கும் ஒரே கூரை. நான்கு மாடிக்கும் ஒரே கூரை. 2,000 சதுர அடி மொட்டை மாடியில் பாதியை ஒதுக்கினால் 10 கிலோவாட் தகடுகள் வைக்கலாம். கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் என்று கொண்டால் 40 யூனிட் கிடைக்கும். நான்கு மாடி வீட்டுத் தேவையில் இது கணிசமான பங்கு. நாற்பது மாடியில் லிஃப்டுக்கே காணாது. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்ததற்கு எந்த வெயில் காரணமோ, அதே வெயில்தான் நம் மாடியிலும் அடிக்கிறது. வீடுகளுக்கு 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரியவீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு; லாட்ஜுக்கு அது பொருந்தாது.

தகடு வாங்கும்போது உப்புமூட்டச் சோதனையான ஐஇசி 61701 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். தாங்கும் சட்டம் அனோடைஸ் செய்த அலுமினியமாகவோ சூடாக முக்கித் துத்தநாகம் ஏற்றிய இரும்பாகவோ இருக்கட்டும். வாடைக்காலப் புயலை எண்ணி அதன் ஆணிகளை மொட்டை மாடித் தளத்தில் மட்டும் இறக்காமல் தூணோடும் உத்தரத்தோடும் இணைக்க வேண்டும். கழுவுவதற்குப் போர் தண்ணீரை ஊற்றினால் காய்ந்தபின் வெண்படலம் படியும். அதற்கு ஏசியிலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்து வைக்கலாம். நம் ஈரக் காற்றில் ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு லிட்டர் வரையிலோ அதற்கு மேலோ தரும், அதில் உப்பு இராது. புர்ஜ் கலீஃபாவில் இதே நீரைத் தனித் தொட்டியில் சேர்த்துச் செடிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். குடிநீருக்குக் காவிரியை எதிர்பார்த்திருக்கும் மாவட்டத்தில் அதைச் சாக்கடையில் விடுவது எனக்குப் புரியாத வழக்கம்.

தண்ணீர் ஏற்றவும் சுடவைக்கவும் ஆகும் செலவு பெரிதா?

ஆயிரம் லிட்டர் தண்ணீரை 15 மீட்டர் ஏற்ற, மோட்டாரின் இழப்பையும் சேர்த்து ஏறத்தாழ 0.1 யூனிட் போதும். 150 மீட்டர் கோபுரத்துக்கு அது பத்து மடங்காகும். அதே ஆயிரம் லிட்டரை 25 பாகை சூடேற்ற 29 யூனிட் வேண்டும். ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் நீராடி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து ஈரத்துணியோடு திரும்பும் யாத்திரிகர்கள், முக்கியமாக வடநாட்டவர், விடியலிலேயே வெந்நீர் கேட்கிறார்கள். அறைக்கு ஒரு கீசர் வைத்த லாட்ஜில் காலை ஐந்து மணிக்கு எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும். பெரிய மின்னிணைப்பு வாங்கி, அதற்குரிய நிலைக் கட்டணத்தை மாதந்தோறும் கட்ட வேண்டியிருக்கும். சூரிய வெந்நீர்க் கலன் முந்தைய பகலின் வெயிலை விடியற்காலை வரை காத்துக் கொடுக்கும். மேகமூட்ட நாளுக்கு, காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீருக்கு ஏற்றும் வெப்பப் பம்பு துணை நின்றால் அதே 29 யூனிட் வேலை 10 யூனிட்டில் முடியும். கடின நீர் உள்ள இடங்களில் வெற்றிடக் குழாய்க்குள் நேரடியாக அந்த நீரை விடாமல், வெப்பமாற்றி உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இல்லையேல் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும்.

லிஃப்ட்?

கியர் இல்லாத, நிலைக்காந்த மோட்டார் வகையை வாங்குங்கள். ஆள் இல்லாதபோது விளக்கும் விசிறியும் தாமே அணையட்டும். இறங்கும்போது மின்சாரம் திருப்பித் தரும் அமைப்பு உயரமான, இடைவிடாது ஓடும் லிஃப்டுகளுக்குரியது. நான்கு மாடியில் அதன் விலை திரும்பாது.

சுவருக்கும் கூரைக்கும் என்ன செய்யலாம்?

கோபுரங்களில் கூரை ஒரு பொருட்டே அல்ல, எல்லாம் சுவர்தான். நமக்கோ மேல்மாடியின் புழுக்கத்துக்குக் கூரையே காரணம். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் வெயில் தலைக்கு மேல்தான் கொட்டுகிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்த பழைய முறை இன்றும் நல்லது. அதன்மேல் வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ இருந்தால் இன்னும் நல்லது. ஏஏசி (காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலகு கான்கிரீட்) கற்சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைவிடப் பாதிக்கும் குறைவான வெப்பத்தையே கடத்தும். ஆனால் அது நீரை உறிஞ்சும் கல், பூச்சில் விரிசல் விடாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்த கொத்தனார் வேண்டும். குடியிருப்புகளுக்கான மத்திய அரசின் மின்சிக்கன விதித்தொகுப்பான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 சுவர்வழி வெப்பத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட் என்ற வரம்பை வைத்திருக்கிறது. உங்கள் பொறியாளரிடம் வரைபடத்தோடு அந்தக் கணக்கையும் கேட்கலாம்.

உப்பரிப்புக்கும் மின்சிக்கனத்துக்கும் என்ன தொடர்பு?

சிமென்ட்டிலும் கம்பியிலும் அடங்கியிருக்கும் ஆற்றல் மிகப் பெரிது. ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய கட்டடம் இருபதில் கம்பி துருத்தி உடைந்தால், விசிறியிலும் விளக்கிலும் மிச்சம் பிடித்ததெல்லாம் அதோடு போய்விடும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 456 கடற்கரைச் சூழலுக்கு எம்30 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டும் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மறைப்பும் கேட்கிறது. அலைத்தூவல் படும் இடத்துக்கு எம்35-உம் 50 மில்லிமீட்டரும். இந்த மறைப்புக்காகக் கம்பிக்கு அடியில் மேஸ்திரி வைக்கும் கட்டையான கவர் பிளாக்கை ஓர் அளவுகோல் கொண்டு நீங்களே அளந்து பாருங்கள். உள்நாட்டு வழக்கப்படி 25 மில்லிமீட்டர் கட்டை வந்து இறங்கியிருக்கலாம். உலைக்கசடு கலந்த சிமென்ட் உப்பு ஊடுருவுவதைக் குறைக்கிறது. அதில் கிளிங்கர் (சூளையில் சுட்டெடுக்கும் சிமென்ட் மூலப்பொருள்) குறைவு என்பதால் உற்பத்தி ஆற்றலும் குறைகிறது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற துருத்தடுப்புப் பூச்சும் பயன்படுத்தினார்கள். லாட்ஜுக்கு அவ்வளவு தேவையில்லை. கடலோர முதல் வரிசையில் இருப்பவர்கள் வெளித்தூண்களுக்கு மட்டும் யோசிக்கலாம்.

ஏற்கெனவே கட்டிவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது?

நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை 2009-க்குப் பிறகு சீரமைத்தபோது, 6,514 ஜன்னல்களையும் கழற்றி, அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வைத்து, நடுவே ஒரு படலம் சேர்த்துத் திரும்ப மாட்டினார்கள். ரேடியேட்டர்களின் பின்னால் வெப்பத்தடுப்பு வைத்தார்கள். உள்ளே வரும் வெப்பம் குறைந்துவிட்டதால், பெரிய குளிரூட்டும் இயந்திரம் புதிதாக வாங்காமல் பழையதையே புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. அந்தச் சீரமைப்பின் இலக்கு 38 சதவீத ஆற்றல் குறைப்பு. அந்த வரிசையை அப்படியே நாமும் பின்பற்றலாம். பழைய ஏசி பழுதானதும் உடனே புதியதை வாங்கி மாட்டுகிறோம். அதற்கு முன் மொட்டை மாடிக்கு வெள்ளை அடித்து, கிழக்கு மேற்கு ஜன்னல்களுக்கு வெளித்தட்டி கட்டி, வெந்நீரைக் கீசரிலிருந்து சூரியக் கலனுக்கு மாற்றிவிட்டு, ஒரு கோடைக்காலத்து மின்கட்டணச் சீட்டுகளைப் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றரை டன் இருந்த பல அறைகளுக்கு ஒரு டன் போதுமா என்பது அப்போது தெரிந்துவிடும்.